கடன் சங்கத்தின் பொதுநலப் பணம் யார் கைக்குப் போகிறது?

எதிர்வரும் மாதம் எமது பகுதிச் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கத்தின் வருடாந்தப் பொதுக்கூட்டம் நடக்கவிருக்கிறது. வழமையாக இந்தக் கூட்டத்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் தேநீரும் பணிசும் முடிந்த கையோடு எழுந்து போய்விடுவார்கள். கணக்கறிக்கை வாசிக்கப்படும்போது மண்டபத்தில் மிஞ்சியிருப்பது நிர்வாக சபையும், அவர்களோடு ஒரே வானில் வீட்டுக்குப் போக வேண்டியவர்களும்தான். இம்முறை அப்படி எழுந்து போக வேண்டாம் என்று எமது அங்கத்தவர்களைக் கேட்டுக்கொள்கிறோம். நிகழ்ச்சி நிரலின் கடைசியில் ஒரு பிரேரணை இருக்கிறது. வருட இலாபத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி, இப்பகுதியில் பொதுவேலை செய்யும் சங்கங்களுக்கு மானியமாகக் கொடுப்பது என்பதே அது. மரண உதவிச் சங்கம், முன்பள்ளி, வாசிகசாலை, இளைஞர் கழகம், மாதர் சங்கம் என்று யாரும் விண்ணப்பிக்கலாமாம்.

பிரட்டுக்களத்திலும் கொழுந்து நிறுக்கும் இடத்திலும் இதைப் பற்றி ஏற்கெனவே பேச்சு அடிபடுகிறது. "நம்ம காச எடுத்து ஊருக்குக் குடுக்கிறதா? பங்குக்கு வட்டியாப் பிரிச்சுக் குடுங்க" என்று சிலர் சொல்கிறார்கள். இன்னும் சிலர், எமது தலைவர்மார் சிலரும் இதில் அடக்கம், "கம்பனி செய்ய வேண்டியதை, அரசாங்கம் செய்ய வேண்டியதை நம்ம காசில் செய்து முடித்தால் பிறகு எதைக் கேட்டுப் போராடுவது?" என்று கேட்கிறார்கள். இரண்டுமே தட்டிக்கழிக்க முடியாத கேள்விகள்.

முதலில் இந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். கடன் சங்கம் கொழுந்து பறிப்பதில்லை, கடை வைத்திருக்கவும் இல்லை. அதன் வருமானம் கடன் வாங்கியவர்கள் கட்டிய வட்டி. யார் கடன் வாங்கினார்கள்? பிள்ளையின் சாதாரண தரப் பரீட்சை வகுப்புக்கு, மகளின் சடங்குக்கு, கூரைத் தகரத்துக்கு, அடகில் முழுகப்போகும் தோட்டை மீட்பதற்கு என்று வந்த பெண்கள்தான் பெரும்பாலும். இலாபம் என்று அறிக்கையில் ஒரு வரியில் அச்சடிக்கப்படுவது அந்தப் பெண்கள் மாதா மாதம் கொண்டுவந்து கட்டிய காசு. மழைக்காலத்தில் அரைப்பேர் விழுந்த மாதத்திலும் அவர்கள் அதைக் கட்டினார்கள்.

இதைப் பங்குக்கு ஏற்றபடி பிரித்தால் என்ன நடக்கும்? கூடப் பங்கு வைத்திருப்பவருக்குக் கூடக் கிடைக்கும். எமது சங்கத்தில் கூடப் பங்கு வைத்திருப்பவர்கள் யார் என்று எல்லோருக்கும் தெரியும்: உத்தியோகத்தர்கள், கடைக்காரர்கள், எம்மைப் போன்ற ஆசிரியர்கள். ஒரு பங்கோடு நிற்கும் தொழிலாளி கட்டிய வட்டியை எடுத்து, பத்துப் பங்கு வைத்திருக்கும் ஆசிரியருக்குக் கொடுப்பதாகத்தான் அது முடியும். சரி, ஆளுக்குச் சமமாகவே பிரிப்போம் என்று வையுங்கள். கணக்குக்காக 400 அங்கத்தவர்கள், 2 இலட்சம் ரூபா என்று எடுத்தால் ஆளுக்கு 500 ரூபா வரும். 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வர்த்தமானியில் வந்ததே, அதில் பாதிகூட இல்லை. வீட்டுக்குப் போகும் வழியில் கடைக் கொப்பியில் அந்தக் காசு கரைந்துவிடும். அதே 2 இலட்சம் ஒரு கையில் நின்றால் ஒரு தோட்டத்துக்கே கதிரைகளும் கூடாரமும் வாங்கலாம்.

இன்னொரு வழியும் இருக்கிறது. அதை யாரும் பேசாதது எமக்கு ஆச்சரியம். ஒழுங்காகக் கடனைக் கட்டி முடித்தவர்களுக்கு வட்டியில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்கலாம், அல்லது அடுத்த வருட வட்டியையே சற்றுக் குறைக்கலாம். எம்மைக் கேட்டால் மானியத்துக்கு முன்னால் நிற்க வேண்டியது இதுதான். கடன் சங்கத்தின் முதல் தருமம் நியாயமான வட்டிக்குக் கடன் கொடுப்பது. அதை விட்டுவிட்டு மேடையில் காசோலை கொடுப்பது, வீட்டில் பிள்ளை பசித்திருக்கக் கோயிலில் அன்னதானம் போட்ட கதையாகிவிடும்.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்றால், எமது சனத்தின் வரலாறே கடனோடு தொடங்கியது. கப்பல் கூலியும் வழிச்செலவும் கடனாக எழுதப்பட்டுத்தான் எமது முன்னோர் இந்த மலைகளுக்கு வந்தார்கள். கங்காணிக்கு இவ்வளவு கடன் என்று எழுதிய துண்டு ஒரு காலத்தில் மனிதனையே கட்டிப் போட்டது. அந்தக் கடனை அடைத்து ஆளை எடுக்க ஒரு தோட்டம் முன்வந்தால் ஒழிய, தொழிலாளி இடம் மாற முடியாது. அந்தத் துண்டு முறை 1921 இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கடன் ஒழிந்ததா? கங்காணி போய்க் கடைக்காரர் வந்தார், அடகுக்கடை வந்தது, இப்போது மோட்டார் சைக்கிளில் லயத்து வாசலுக்கே வந்து வாரத் தவணை கேட்கும் நுண்கடன் கம்பனிகள் வந்திருக்கின்றன. 2018 இல் வரட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்கள் வாங்கிய சிறு கடன்களில் ஒரு பகுதியை அரசாங்கமே தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. 2021 மார்ச்சில் ஹிங்குராக்கொடையில் நுண்கடனில் சிக்கிய பெண்கள் தெருவோரம் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். எமது லயங்களிலும் தவணை நாளில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கும் தாய்மார் உண்டு. வகுப்பில் அந்த நாள் எது என்று பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தே எம்மால் சொல்ல முடிகிறது.

இப்படிப்பட்ட சனம் தன் காசைத் தானே சேர்த்து, தனக்குத் தானே கடன் கொடுத்து, அதில் மிச்சமும் பிடித்திருக்கிறது. இது சின்ன விடயம் அல்ல. அந்த மிச்சத்தில் ஒரு பகுதி ஊர்ப் பொதுவுக்குப் போக வேண்டும் என்பதும் எமது நிர்வாக சபை கண்டுபிடித்த புதுமை அல்ல. இங்கிலாந்தில் ரோச்டேல் என்ற ஆலை நகரத்தில் 1844 இல் நெசவாளர் உள்ளிட்ட 28 தொழிலாளர்கள் சேர்ந்து ஒரு கடை திறந்தார்கள். மா, வெண்ணெய், சீனி, ஓட்ஸ் என்று நாலைந்து சாமான்தான் அதில் இருந்தது. பிறகு தேயிலையும் சேர்ந்தது, ஆனால் அது எமது தேயிலையாக இருந்திருக்க முடியாது, ஏனென்றால் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டது 1867 இல்தான். அந்தக் கடை தலைநிமிர்ந்ததும் அவர்கள் செய்த முதல் காரியங்களில் ஒன்று, இலாபத்தில் நூற்றுக்கு இரண்டரையைக் கல்விக்கென்று ஒதுக்கியது. அதில் நூலகம் வந்தது, பத்திரிகை வாசிக்கும் அறை வந்தது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் லெவி என்ற ஊரில் 1900 இல் அல்போன்ஸ் டெஜார்டின் தொடங்கிய கடன் சங்கத்தின் முதல் வைப்பு வெறும் பத்துச் சதம். இன்று அந்த இயக்கம் அந்த நாட்டின் பெரிய நிதி நிறுவனங்களில் ஒன்று. அங்கே இலாபத்தை எப்படிப் பிரிப்பது, அதில் எவ்வளவு ஊர்ப் பொதுவேலைக்குப் போவது என்று அங்கத்தவர்களே பொதுக்கூட்டத்தில் வாக்களித்துத் தீர்மானிக்கிறார்கள். 1995 இல் மான்செஸ்டரில் கூடிய சர்வதேசக் கூட்டுறவு ஒன்றியம் ஏற்றுக்கொண்ட ஏழு கொள்கைகளில் ஏழாவது, தான் இருக்கும் சமூகத்தின் மீது கூட்டுறவுச் சங்கம் அக்கறை கொள்ள வேண்டும் என்பது. எமது நாட்டிலும் கடன் சங்கங்களுக்கான முதல் சட்டம் 1911 இலேயே வந்துவிட்டது. அந்தப் பழைய இயக்கத்தை 1978 இல் கேகாலைப் பக்கம் வல்கமவிலிருந்து பீ. ஏ. கிரிவந்தெனிய தட்டி எழுப்பியதும், அது சணச என்ற பெயரில் நாடெங்கும் பரவியதும் பலருக்குத் தெரிந்த கதை.

ஆகவே மானியம் கொடுப்பதை நாம் ஆதரிக்கிறோம். ஆனால் இரண்டாவது கேள்வி அப்படியே நிற்கிறது. கம்பனியும் அரசாங்கமும் செய்ய வேண்டியதை எமது காசில் செய்வதா?

செய்யக் கூடாது. லயத்துக் கூரை ஒழுகினால், கான் உடைந்தால், பிள்ளைமடுவத்துச் சுவர் வெடித்தால் அது தோட்ட நிர்வாகத்தின் வேலை. பாடசாலைக்கு மேசை கதிரை கல்வித் திணைக்களத்தின் வேலை. தோட்டப் பாதையும் தெரு விளக்கும் பிரதேச சபையின் வேலை. முன்பெல்லாம் "தோட்டத்துக்குள் எங்களுக்குச் செலவழிக்கச் சட்டத்தில் இடமில்லை" என்று சபைகள் கையை விரித்தன. 2018 இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு அந்தச் சாட்டும் இல்லை. அந்தத் திருத்தத்துக்காக எமது சனம் எத்தனை வருடம் கத்தியது என்பது மூத்த தோழர்களுக்குத் தெரியும். இப்போது நாமே கடன் சங்கக் காசில் பாதைக்குக் கொங்கிரீட் போட்டுக் கொடுத்தால் சபை எமக்கு நன்றி சொல்லிவிட்டு அந்தக் காசை நகரத்துக்குக் கொண்டு போகும்.

கோடு எங்கே போடுவது என்பது எப்போதும் இலேசில்லை. பிள்ளைமடுவத்துச் சுவர் நிர்வாகத்தின் வேலை என்றோம். அதற்குள் இருக்கும் படக்கதைப் புத்தகம்? சட்டப்படி பார்த்தால் அதையும் கேட்டுப் போராடலாம். போராடி முடிவதற்குள் அந்தப் பிள்ளை ஆறாம் வகுப்புக்கு வந்துவிடும், எழுத்துக் கூட்டத் தெரியாமல் எமது முன்னால் உட்கார்ந்திருக்கும். புத்தகத்துக்குக் கொடுக்கலாம், சுவருக்குக் கொடுக்கக் கூடாது என்பது எமது கருத்து. இதில் சங்கத்துக்குள்ளேயே இரு அபிப்பிராயம் உண்டு. பொதுக்கூட்டத்தில் பேசித் தீர்க்கலாம்.

எந்தச் சந்தேகமும் இல்லாத இடம் ஒன்று இருக்கிறது. மரண உதவிச் சங்கங்கள். லயத்தில் ஒரு சாவு விழுந்தால் துரை வருவதற்கு முன், தலைவர் வருவதற்கு முன், கதிரையும் படங்கும் தூக்கிக்கொண்டு வருவது அந்தச் சங்கம்தான். வீட்டுக்கு வீடு மாதச் சந்தா எடுத்து, பெட்டிக்குக் காசு கொடுத்து, மூன்று நாளைக்கு அடுப்பெரிய விட்டு, குழி வெட்ட ஆள் போட்டு, எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருப்பார்கள். கடன் சங்கத்தின் எந்தக் கணக்காய்வாளரும் அந்தக் கொப்பிக்குக் கிட்ட நிற்க முடியாது, ஒரு சதம் பிசகினால் லயமே எழுந்து நிற்கும். இவர்களுக்கு யாரும் இதுவரை ஒரு சதம் மானியம் கொடுத்ததாக நாம் அறியோம்.

ஏன் கொடுக்கவில்லை என்பதற்கு எமக்கு நேரில் தெரிந்த ஒரு கதை உண்டு. சில வருடங்களுக்கு முன் ஒரு நிதி நிறுவனம், பெயர் வேண்டாம், "உள்ளூர்ச் சமூக அமைப்புகளுக்கு" மானியம் என்று அறிவித்தது. எமது பிரிவின் மரண உதவிச் சங்கச் செயலாளர் விண்ணப்பப் படிவத்தைத் தூக்கிக்கொண்டு பாடசாலைக்கு வந்தார். ஒன்பது பக்கம், முழுவதும் ஆங்கிலம். நோக்கக் கூற்று என்ன, மூன்று வருடத் திட்டம் என்ன, கணக்காய்வு செய்யப்பட்ட அறிக்கை எங்கே, பதிவு இலக்கம் என்ன, மின்னஞ்சல் முகவரி என்ன. நோக்கம் என்ன என்று தமிழில் கேட்டோம். "சாவு வீட்டில உட்கார கதிரை வேணும், அவ்வளவுதான் சேர்" என்றார். அதை ஆங்கிலத்தில் அரைப்பக்கத்துக்கு நீட்டி எழுதியது நாம்தான், இப்போது நினைத்தாலும் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. பதிவு இலக்கம் இல்லை என்ற காரணத்தால் விண்ணப்பம் திரும்பி வந்தது. மானியம் நகரத்தில் அலுவலகம் வைத்திருக்கும் ஓர் அமைப்புக்குப் போனது. அவர்கள் தோட்டத்துக்கு வந்து தலைமைத்துவப் பயிற்சி என்று ஒரு நாள் நடத்தினார்கள். ஆளுக்கொரு கோவை மட்டையும் பேனாவும் மதியச் சாப்பாட்டுப் பார்சலும் தந்தார்கள். சாப்பாடு நன்றாகத்தான் இருந்தது. அடுத்த கிழமை ஒரு சாவு விழுந்தது, சனம் மழைக்குள் நின்றது.

இதே பிழையை எமது கடன் சங்கமும் செய்யப் போகிறதா என்பதுதான் இந்தக் கூட்டத்தில் நாம் கேட்க வேண்டியது. பிரேரணையோடு சுற்றுக்கு விட்டிருக்கும் விதிமுறை வரைவில் "பதிவு செய்யப்பட்ட இலாப நோக்கற்ற நிறுவனங்கள்" என்று இருக்கிறது. அந்த ஒரு வரி அப்படியே நிறைவேறினால் லயத்துச் சங்கங்களில் முக்கால்வாசி வாசலிலேயே நிற்கும். பதிவு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பிரதேச செயலகத்தில் பதிவு செய்து கொள்வது நல்லது, அதற்கு எமது கிளைகள் உதவ வேண்டும், பாடசாலை விடுமுறையில் எம்மில் ஓரிருவர் அந்த வேலைக்கென்றே உட்காரத் தயார். ஆனால் முதல் இரண்டு வருடத்துக்காவது சந்தாக் கொப்பியும், பத்துக் குடும்பத்தின் கையொப்பமும் போதும் என்று வரைவைத் திருத்த வேண்டும். படிவம் ஒரு பக்கம், தமிழில் இருக்க வேண்டும். இப்பகுதியில் சிங்களக் குடும்பங்களும் அங்கத்தவர்களாக இருக்கிறார்கள், ஆகவே சிங்களத்திலும் இருக்க வேண்டும். எழுதத் தெரியாதவர் வந்து வாயால் சொன்னால் எழுத்தர் எழுதிக்கொள்ள வேண்டும்.

யார் தீர்மானிப்பது என்பது இதைவிடப் பெரிய சண்டை. வரைவின்படி நிர்வாக சபையே தெரிவு செய்யும். நிர்வாக சபையில் ஒன்பது பேரில் எத்தனை பெண்கள் என்று எண்ணிப் பாருங்கள். வைப்புப் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்பவர்களில் எத்தனை ஆண்கள் என்றும் எண்ணிப் பாருங்கள். தெரிவுக் குழுவைப் பொதுக்கூட்டமே நியமிக்க வேண்டும், பிரிவுக்கு ஒருவராக, பாதிக்குக் குறையாமல் கொழுந்தெடுக்கும் பெண்களாக. விண்ணப்பித்த சங்கத்தில் பதவி வகிப்பவரோ அவர் வீட்டாரோ அந்த விண்ணப்பம் பேசப்படும்போது வெளியே போய் நிற்க வேண்டும். விண்ணப்பித்தவர்கள் எல்லோரும் யார், எவருக்கு எவ்வளவு, எவருக்கு ஏன் இல்லை என்று எழுதிக் கொழுந்து மடுவத்திலும் ஆபீஸ் பலகையிலும் ஒட்ட வேண்டும். அடுத்த பொதுக்கூட்டத்தில் வாங்கியவர்கள் எழுந்து கணக்குச் சொல்ல வேண்டும். பெரிய மண்டபம், சால்வை, மாலை, காசோலையின் பெரிய அட்டைப் படம் எதுவும் வேண்டாம். சால்வைக் காசுக்கு ஒரு பானை வாங்கலாம்.

கட்சிக் கொடியும் வேண்டாம். இதைச் சொல்லும்போது எமது கொடியையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். எந்தத் தொழிற்சங்கமும், எமது சங்கமும் உட்பட, இந்த மானியத்துக்கு விண்ணப்பிக்கக் கூடாது. மானியம் வாங்கிய கதிரையின் முதுகில் எவருடைய பெயரும் எழுதக் கூடாது. வேறு சங்கத்துக்குச் சந்தா கட்டும் குடும்பத்தில் சாவு விழுந்தால் அந்தக் கதிரை அங்கேயும் போக வேண்டும். இதை எழுதும்போது எமது கிளைத் தலைவர்கள் இருவர் முகம் கோணுவது தெரிகிறது. கோணட்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இந்தத் தலையங்கம் எழுதப்படும் மேசையிலேயே ஒரு விண்ணப்பம் கிடக்கிறது. எமது பிரிவில் பூட்டிக் கிடந்த ஒரு லயக் காம்பராவைக் கேட்டு வாங்கி, மாலையில் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்க ஒரு வாசிகசாலை நடத்துகிறோம். ஒரு பல்பு, இரண்டு வாங்கு, ஊரார் தந்த பழைய புத்தகங்கள், பக்கம் கிழிந்த ஓர் அகராதி. புத்தகமும் இன்னொரு மேசையும் வாங்க அந்த வாசிகசாலைக் குழு விண்ணப்பிக்க இருந்தது. மானியம் வேண்டும் என்று எழுதும் கையே மானியத்துக்கும் நீளக் கூடாது என்பதால் இந்த வருடம் அந்த விண்ணப்பத்தைக் கொடுப்பதில்லை என்று குழு முடிவெடுத்தது. பிள்ளைகளுக்கு இதை விளங்கப்படுத்தியபோது ஒரு சிறுமி, "அப்ப அடுத்த வருசம் நீங்க பேப்பர்ல எழுதாதீங்க சேர்" என்றாள். யோசிக்க வேண்டிய யோசனைதான்.

பிரேரணை நிறைவேற வேண்டும், ஆனால் திருத்தங்களோடு நிறைவேற வேண்டும். ஒதுக்க நிதிக்குப் போக வேண்டியது முதலில் போகட்டும், அதில் யாரும் கை வைக்கக் கூடாது. அதற்குப் பின் ஒழுங்காகக் கடன் கட்டியவர்களின் வட்டிக் கழிவு. அதற்குப் பின் மிஞ்சுவதில் எவ்வளவு மானியத்துக்கு என்பதைக் கூட்டம் தீர்மானிக்கட்டும். இந்த மூன்று திருத்தங்களையும் எழுத்தில் கொடுத்தால்தான் எடுப்பார்கள், வாயால் எழுந்து சொன்னால் "நேரமில்லை" என்று தலைவர் அடுத்த விடயத்துக்குப் போய்விடுவார். திருத்தங்களின் பிரதி எமது கிளைத் தலைவர், தலைவிமாரிடம் இருக்கிறது. ஒவ்வொரு பிரிவிலும் படித்துப் பார்த்து, உடன்பட்டால் கையொப்பம் வையுங்கள், உடன்படாவிட்டால் ஏன் என்று எழுதித் தாருங்கள், அடுத்த இதழில் போடுகிறோம்.

கூட்ட நாளன்று வாக்களிக்க அங்கத்துவப் புத்தகம் கையில் இருக்க வேண்டும். பல வீடுகளில் அது அம்மாவின் பெயரில் இருக்க, கூட்டத்துக்கு மகனோ கணவனோ வருகிறார். அவருக்கு வாக்கு இல்லை. புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரே வர வேண்டும். அன்று ஞாயிற்றுக்கிழமை, கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கும் பிரிவுகள் பத்து மணிக்குள் இறங்கிவிடலாம். கூட்டம் பதினொரு மணிக்கு. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வாசிகசாலை அன்று பகல் முழுவதும் திறந்திருக்கும்.